வாரம் பெர்சி: ஊர் போன பின்னும் நிற்கும் தேவாலயம் (கேள்வி பதில்)

கேள்வி: சார், இங்கிலாந்தில் கூரை இல்லாத ஒரு பழைய சர்ச் படம் பார்த்தேன். சுற்றிலும் வெறும் புல்வெளி. ஆளே இல்லாத இடத்தில் எதற்குக் கட்டினார்கள்?

பதில்: கட்டும்போது ஊர் இருந்தது. அது யார்க்ஷயரில் உள்ள வாரம் பெர்சி, புனித மார்ட்டின் தேவாலயம். புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதே, அவைதான் வீடுகளும் தெருவும்.

கேள்வி: கொள்ளைநோயில் அழிந்த ஊர்தானே?

பதில்: இல்லை. 1349 வாக்கில் நோய் தாக்கியது உண்மை. ஆனால் அதன் பிறகும் சுமார் 150 ஆண்டுகள் அங்கே அடுப்பு எரிந்தது. ஊரைக் காலி செய்தது ஆடு. உழவைவிடக் கம்பளியில் லாபம் என்று, 1500 வாக்கில் மிச்சமிருந்த 4 குடும்பங்களையும் நிலக்கிழார் வெளியேற்றிவிட்டார். நோயைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

கேள்வி: அண்ணா, சுவரில் வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: சரியான இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். 10ஆம் நூற்றாண்டில் சின்ன மரக் கோயில், அப்புறம் கல் கட்டடம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜனம் பெருகி இடம் போதாமல் போனது. சுவரை வளைவு வளைவாகத் திறந்து முதலில் தெற்கே, பிறகு வடக்கே பக்கக் கூடங்கள் சேர்த்தார்கள். ஆட்கள் குறைந்ததும் கூடங்களை இடித்து, வளைவுகளை அடைத்துவிட்டார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வளைவுக் கற்கள் சீராகச் செதுக்கியவை, நடுவில் இருப்பது அடைப்புச் சுவர். பூசை நடக்கும் திருப்பீடப் பகுதியையும் பின்னாளில் குறுக்கிவிட்டார்கள். ஊரின் மக்கள்தொகைக் கணக்கே அந்தச் சுவரில் இருக்கிறது.

கேள்வி: ஊர் போன பிறகு பூசைக்கு யார் வந்தார்கள்?

பதில்: இதே கோயிலுக்கு உட்பட்ட அக்கம்பக்கத்து ஊர் மக்கள். பக்கத்துக் கிராமமான திக்ஸன்டேல்காரர்கள் மேடு ஏறி இறங்கி நடந்தே வந்தார்கள். 1870இல் அங்கேயே தனிக் கோயில் எழும்பியதும் இங்கே கூட்டம் குறைந்தது. கடைசி வழிபாடு 1949இல். 1959இல் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது.

கேள்வி: கல்லறைகளைத் தோண்டினார்களாமே?

பதில்: ஆமாம். வரலாற்று ஆய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அந்த ஊரில் அகழாய்வு நடத்தினார்கள். தேவாலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் மட்டும் 700க்குச் சற்றுக் குறைவான எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளின் எலும்பைச் சோதித்ததில், ஏறக்குறைய ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தது தெரிந்தது. அங்கே 14 வயதுப் பிள்ளைகள் இன்றைய 10 வயதுப் பிள்ளைகளின் உயரம்தான் இருந்தார்கள்.