நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஜூலையில் அம்மா (71 வயது), மனைவியோடு ஐஸ்லாந்துக்குக் கப்பல் பயணம். ஆக்குரேய்ரி துறைமுகத்தில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும். கப்பல்காரர்கள் நடத்தும் டூர் விலையில் பாதிக்கு கோதாஃபாஸ் அருவி, மீவாட்ன் ஏரி, டெட்டிஃபாஸ் அருவி, திமிங்கிலம் நான்கையும் காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள். நான்கும் நடக்காது.

5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் 4.30-க்குள் ஏறிவிட வேண்டும். காலையில் இறங்கி வண்டி பிடிக்கவே 8.30 தாண்டிவிடும். கையில் இருப்பது ஏழு மணி நேரம் என்று வையுங்கள். டெட்டிஃபாஸ் வரை போய்த் திரும்ப ஓட்டமே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். போனாலும் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கரடுமுரடான பாதையில் ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும், அம்மாவை நினைத்துப் பாருங்கள். திமிங்கிலப் படகு தனியாக மூன்று மணி நேரம் தின்னும்.

கோதாஃபாஸும் மீவாட்னும் போதும். 12 மீட்டர்தான் உயரம் என்றாலும் அருவி அரைவட்டமாக விரிந்து விழுவதை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். மீவாட்னைத் தாண்டி க்வெரிர் என்ற இடம். களி கிண்டும்போது சட்டியில் குமிழ் வெடிக்குமே, அப்படிச் சாம்பல் நிறச் சேறு கொதித்துக்கொண்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம். கயிற்றைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம், மேலே காய்ந்த தரை போலத் தெரியும், அடியில் கொதிக்கும்.

இனி ஏஜென்ட் விஷயம். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே உட்கார்ந்து வவுச்சர் அச்சடிப்பார்கள், அங்கே வண்டி ஓட்டுபவர் யார் என்று அவர்களுக்கே தெரியாது. வவுச்சரில் உள்ளூர் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? அதற்கு ஐஸ்லாந்து சுற்றுலா வாரியத்தின் உரிமம் உண்டா? கப்பல் அன்று அங்கே வராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா? மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் நடையைக் கட்டுங்கள். கப்பல்காரர்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை, பெரும்பாலும் அதே உள்ளூர்ப் பேருந்தைத்தான் விலை ஏற்றி விற்கிறார்கள். ஆனால் அவர்களுடைய டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் போனால் இரண்டும் கிடையாது.

இங்கேதான் ஒரு சிக்கல், பொறுமையாகக் கேளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போக வேண்டும். அது ஐஸ்லாந்திலேயே என்றால் பரவாயில்லை. ஃபரோ தீவுகளோ கிரீன்லாந்தோ என்றால்? இரண்டும் டென்மார்க்கைச் சேர்ந்தவை, ஆனால் ஐஸ்லாந்து இருக்கும் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இல்லை. சாதாரண ஷெங்கன் விசா இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே செல்லாது. 'ஃபரோ தீவுகளுக்கும் செல்லும்' என்று விசாவிலேயே தனியாகக் குறித்திருக்க வேண்டும், கிரீன்லாந்துக்கும் அப்படியே. ஐஸ்லாந்துக்கு வாங்கினால் அங்கேயும் போகலாம் என்று ஏஜென்ட்கள் அடித்துச் சொல்வார்கள். ராஜா ஒருவர்தான், விசா மட்டும் வேறு! யார் யோசித்த ஏற்பாடோ. உங்கள் பயணத் திட்டத்தில் அந்தப் பெயர்கள் இருந்தால் இன்றே விசாவை எடுத்துப் பாருங்கள்.

உள்ளூர் நிறுவனத்தோடு நேரடியாகப் போவதானால் 3.30-க்கே துறைமுகத்தில் விட வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றா என்று இறங்கும்போது கேளுங்கள். நீங்களே காரெடுத்தால் வழியில் 7 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சுரங்கப்பாதை வரும். சுங்கச்சாவடி இருக்காது, கட்டணத்தை இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் கார் வாடகைக்காரர் கூடுதல் தொகையோடு பில் அனுப்புவார்.

அப்புறம், மீவாட்ன் என்றால் பூச்சி ஏரி என்று அர்த்தம். ஜூலையில் முகத்தை மொய்க்கும். முகம் மூடும் வலை மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்.