இங்கிலாந்தின் ஆலய முற்றத்துச் சிலுவைகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இங்கிலாந்துக் கிராமங்களில் ஆலயத்துக்கு வெளியே கல்லறைகளுக்கு நடுவில் உயரமாக ஒரு கற்சிலுவை நிற்கிறதே, அது யாருடைய கல்லறை?

பதில்: தனி ஒருவருடையது இல்லை. இடைக்காலத்தில் சாதாரணக் குடியானவர்களின் குழிமேல் பெயர் வெட்டிய கல் வைக்கும் வழக்கம் கிடையாது, அங்கே புதைத்த அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த ஒரு சிலுவைதான். பெரும்பாலும் ஆலயத்தின் தெற்குப் பக்கம் இருக்கும். கீழே படிகள், அதன்மேல் குழி வெட்டிய அடிக்கல், அதில் செருகிய தண்டு, உச்சியில் சிற்பம் செதுக்கிய தலை.

கேள்வி: நம்ம ஊர் குருசடி மாதிரி நின்று செபிக்கத்தானா?

பதில்: செபிப்பார்கள்தான், ஆனால் இதற்குப் பெரிய நாள் குருத்து ஞாயிறு, அதாவது எருசலேமுக்கு வந்த இயேசுவை மக்கள் குருத்தோலையோடு வரவேற்றதை நினைக்கும் நாள். பேரீச்சை வளராத நாடு, அதனால் யூ, வில்லோ மரக்கிளைகளை ஏந்திக்கொண்டு பங்கு மக்கள் ஒரு பவனியாக வர, நற்கருணையை (இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை) ஏந்திய இன்னொரு பவனி வேறு பக்கமாக வந்து சந்திக்கும். நற்செய்தி வாசிப்பதும் பாட்டும் இந்தச் சிலுவையடியில்தான். தவக்காலம் முழுக்க ஆலயத்துக்குள் சிலுவைகளைத் துணியால் மூடி வைத்திருந்த மக்களுக்கு, வெயிலில் இலைதழைகளோடு நின்ற இந்தச் சிலுவை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கம் பல அடிக்கற்களில் சின்ன மாடம் ஒன்று குடைந்திருக்கிறது. அன்றைக்கு நற்கருணையை வைக்கத்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கேள்வி: சந்தைச் சிலுவை என்பதும் இதுதானா?

பதில்: இல்லை, அது ஊர் நடுவில் வியாபாரிகளுக்கு. சிசெஸ்டரில் 1501-இல் ஆயர் எட்வர்ட் ஸ்டோரி கட்டிக்கொடுத்தது கூரையோடு மண்டபமாகவே இருக்கிறது.

கேள்வி: படங்களில் பாதிக்கு மேல் தலையே இல்லையே, பழசாகி விழுந்துவிட்டதா?

பதில்: மழையும் காற்றும் கொஞ்சம் தின்றிருக்கும், ஆனால் பெரும்பாலும் மனிதக் கைதான். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சீர்திருத்தக் காலத்திலேயே உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் 1643 ஆகஸ்டில் நாடாளுமன்றமே திறந்தவெளிச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி ஆணை போட்டது. இவையெல்லாம் மூடநம்பிக்கையின், சிலை வழிபாட்டின் சின்னங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மிஞ்சிய தண்டுகள் சிலவற்றின்மேல் பிற்பாடு சூரியக் கடிகாரம் வைத்தார்கள். க்ளாஸ்டர்ஷயரில் ஆம்ப்னி க்ரூசிஸ் ஊரில் சிலுவையின் தலையை ஆலயச் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தார்கள், 19-ஆம் நூற்றாண்டில்தான் அது வெளியே வந்தது. இடிக்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பங்கு மக்களே ஒளித்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். இப்போது தண்டின்மேல் திரும்ப நிற்கிறது: ஒரு முகத்தில் பாடுபட்ட இயேசு, இன்னொன்றில் குழந்தையோடு மாதா.

கேள்வி: முழுசாகத் தப்பித்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால்?

பதில்: வேல்ஸுக்குப் போங்கள், செயின்ட் டோனட்ஸ் ஆலய முற்றத்தில் 15-ஆம் நூற்றாண்டுச் சிலுவை தலையோடு நிற்கிறது.