அரைக் கிலோ பொடிக்கு 3 கிலோ கட்டணமா?

அரைக் கிலோ இட்லிப் பொடிக்குக் கூரியரில் 3 கிலோ கட்டணம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். தராசில் தப்பு இருக்காது, பெட்டியைப் பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் ஒரு கிலோ கணக்கு வரும்; அதிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் பெரும்பாலான கூரியர்களில் காசு. நீங்கள் சொன்ன 30×25×20 பெட்டி அப்படியே 3 கிலோ. அதையே 20×15×10-ல் கட்டினால் 600 கிராம்தான்!

நானும் ஊறுகாய் அனுப்பிய புதிதில் பழைய செருப்புப் பெட்டியில் காகிதம் திணித்து அனுப்பி நிறைய இழந்தேன். பொடிக்குப் பெட்டியே வேண்டாம். இரண்டு கவர் போட்டு ஒட்டி, கூரியர் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், கிராமத்து முகவரிகளுக்குத் தபால் நிலையம்தான் நம்பிக்கை. மாதாமாதம் நிறைய அனுப்புகிறீர்கள் என்றால் தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் ஒப்பந்தக் கணக்கு பற்றிக் கேளுங்கள், தள்ளுபடி உண்டு.