ராணுவக்காரர் கார், ஏர்போர்ட் பார்க்கிங்: செகண்ட்ஹேண்ட் கேள்வி பதில்

பழைய கார் வாங்கி விற்பது என் தொழில். இணைய விளம்பரம் பார்த்து கார் வாங்குவதில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில்கள் இவை.

கரூர்: 2019 ஸ்விஃப்ட், 1.8 லட்சம்தான். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், காஷ்மீருக்கு மாற்றலாம். வண்டி சென்னை ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது, ராணுவ லாரியில் வீட்டுக்கே வரும், 5,150 ரூபாய் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்கிறார். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்பினார்.

அனுப்பாதீர்கள். அந்த அட்டை வேறு யாருடையதாவது இருக்கும், இல்லையென்றால் போலி. விற்ற காரை வாங்கியவர் வாசலில் இறக்கிவிடுவது ராணுவத்தின் வேலையில்லை. இன்று டெலிவரி சார்ஜ், நாளை கேட் பாஸ், அப்புறம் இன்சூரன்ஸ். எல்லாம் ‘திரும்பக் கிடைக்கும்’ பணம். கட்டியது போய்விடுமோ என்ற பயத்திலேயே அடுத்ததையும் கட்ட வைப்பார்கள்.

மதுரை: நேரில் போய் ஓட்டிப் பார்த்தேன். ஆர்சி புக் ஒரிஜினல், சேஸ் நம்பரும் சரி. பணம் அனுப்பிய பிறகு சாவி தர மறுக்கிறார். இது எப்படி?

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாவி தர மறுக்கும் மனிதர் அநேகமாகத் திருடன் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

நடப்பது இப்படி. ஒருவர் 4.5 லட்சத்துக்கு உண்மையாகவே விளம்பரம் போடுகிறார். மோசடிக்காரன் அதே படங்களை எடுத்து 3.4 லட்சம் என்று தன் பெயரில் போடுகிறான். உங்களிடம், “வண்டி மச்சான் வீட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். விலை மட்டும் அவரிடம் பேசாதீர்கள், குடும்பத்தில் கொஞ்சம் தகராறு” என்பான். ஓனரிடம், “என் தம்பி பார்க்க வருவான், பணம் நான் கொடுக்கிறேன், அவனிடம் விலை பேச வேண்டாம்” என்பான். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்கள். வண்டி அசல், ஓனர் அசல். பணம் மட்டும் மூன்றாவது ஆளின் கணக்குக்குப் போகும்.

ஆகவே, ஆர்சியில் இருக்கும் பெயருக்கு மட்டுமே பணம். விலையை அந்த ஆளின் வாயாலேயே கேளுங்கள். பேசாதே என்று யாராவது சொன்னால் அங்கேயே பேசுங்கள்.

நீங்கள் இப்போதே 1930-க்கு போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறும் முன் சொன்னால்தான் முடக்க வழி உண்டு.

ஆம்பூர்: வாங்குபவர் கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போட்டால் எனக்கு அட்வான்ஸ் வருமாம்.

பின் நம்பரைப் போட்டால் பணம் போகும், வராது.

திருச்சி: 2016 மாடல், 38,000 கிலோமீட்டர். நம்பலாமா?

மீட்டரை விடுங்கள், டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1120 என்றால் 2020-இன் 11-ஆவது வாரம். நாலு டயரும் அப்படியென்றால், 38,000 ஓடிய வண்டிக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டும் கேளுங்கள். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் சேற்றுக் கறையை மறந்துவிடுவார்கள்.

தேனி: டெல்லி டீசல் கார் பாதி விலைக்கு வருகிறது.

அங்கே பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் தள்ளிவிடுகிறார்கள். என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்பதை உங்கள் ஆர்டிஓ ஆபீசில் கேளுங்கள்.

நாமக்கல்: ராணுவத்தில் இருப்பவர் ஒருவர் பொலிரோ...

கரூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: பழைய வண்டிகளை விற்றுக் கொடுக்கும் ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறேன். ‘ஆர்சி பெயருக்கே பணம்’ என்றால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்து விற்பதுதான் ஊர் வழக்கம். பெயர் மாற்றிவிட்டு விற்றால் ஒரு ஓனர் கூடிவிடும், விலை இறங்கும்.

அண்ணே, விலை இறங்கும் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் தேதி போடாத ஃபார்மோடு வண்டி நாலு கை மாறினால் பொறுப்பு யாருக்கு? நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளில் பதிவில் யார் பெயரோ அவர்தான் ஓனர். கைமாறிக் கைமாறிப் போன வண்டி அது. உங்கள் கஷ்டத்துக்கும் 2023 ஏப்ரல் முதல் வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை விட்டதும் ஓனர் ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், பொறுப்பு டீலருக்கு வந்துவிடும். அங்கீகாரம் வாங்கி அதைக் காட்டுங்கள், பணத்தை உங்கள் கணக்கிலேயே வாங்குங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

கோவை: அதற்கெல்லாம் சின்னக் கடைக்காரன் எங்கே அலைவான்?

வாங்குகிறவன் மட்டும் அலையலாமா?

ஓசூர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்படித்தான் ஒரு கன்சல்டிங்கில் விற்றேன். இன்னும் என் போனுக்கு அபராத மெசேஜ் வருகிறது.

கோவை அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும். நீங்கள் டெலிவரி ரசீதோடு ஆர்டிஓவில் எழுதிக் கொடுங்கள். விற்ற 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போதாவது கொடுங்கள். அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் மட்டும் திறக்காதீர்கள், அது போனையே காலி செய்யும்.

விருதுநகர்: வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பர் போட்டால் தெரியும். பெயரில் சில எழுத்துகளை மறைத்துக் காட்டும், ஆர்சியோடு ஒப்பிட அது போதும். கடன் இருந்தால் பேங்க் என்ஓசியும், ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

தென்காசி: சார், ஆர்மி ஆபீசர் ஒருவர் இன்னோவா...

கரூர்.