நெருப்புக்குச்சி கடைசியில்தான்: கேஸ் அடுப்புப் பூட்டுவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வடக்கே வன்னியில் வீடு வீடாகப் போய்க் கேஸ் அடுப்புப் பூட்டிக் கொடுப்பது என் தொழில். இரண்டு தலைமுறையாக விறகில் சமைத்த குசினிகளுக்குள் சிலிண்டர் வந்திருக்கிறது. விறகுக்கும் கேஸுக்கும் குணம் வேறு என்பதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் வருவேன். இங்கே வந்த கேள்விகளுக்கும் அப்படியே பதில் சொல்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா: புது அடுப்பைக் கடைத் தம்பி பூட்டிவிட்டுப் போய்விட்டார். இன்னும் பற்றவைக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பற்றவைக்காமல் இருந்தது நல்லது அக்கா. அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்கட்டும். ரெகுலேட்டரையும் மூடிக் கழற்றி, வால்வின் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது வெடித்தோ நசுங்கியோ காணாமலோ இருந்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். வளையம் சரியென்றால் ரெகுலேட்டரை நேராக வைத்து அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், கழன்று வரக்கூடாது.

இனி ஒரு கோப்பையில் சவர்க்காரத்தைக் கரைத்து நன்றாக நுரைக்க விடுங்கள். ரெகுலேட்டரைத் திறந்து, வால்வின் கழுத்திலும் குழாயின் இரண்டு முனைகளிலும் நுரையைப் பூசிவிட்டு, கண்ணை எடுக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். மாங்குளத்தில் ஒரு வீட்டில் இப்படிப் பூசியபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பத்து எண்ணுவதற்குள் கடுகளவில் ஒரு குமிழி எழுந்தது, குன்றிமணியளவுக்கு வீங்கியது, உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. குழாயைக் கிளிப் போட்டு இறுக்காமல் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். மூக்குக்கு எட்டாத கசிவு அது. பூட்டியே மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நுரை பூசிப் பார்க்காமல் நான் எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை. கசிவு தேட நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பிடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம்.

குமிழி வரவில்லையென்றால் பற்றவைக்கலாம். குச்சியை முதலில் கிழித்து அடுப்பின் வாயில் பிடித்துக்கொண்டு, பிறகு திருகைத் திறவுங்கள். புதுக் குழாயில் காற்று நிற்பதால் முதல் தடவை உடனே பிடிக்காது. நாலைந்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் மூடிவிட்டு, கதவு சன்னலைத் திறந்து சில நிமிடம் பொறுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: விறகடுப்பும் அதே குசினியில்தான் இருக்கிறது. சிலிண்டரை எங்கே வைப்பது?

வெளியே வையுங்கள். சுவரில் துளை போட்டு, அதற்குள் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் வழியே கேஸ் குழாயைக் கொண்டுவரலாம். இந்தக் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. கசிந்தால் புகைபோல மேலே போகாது, தண்ணீர்போல நிலத்தில் பரவும். உங்கள் விறகடுப்பின் தணல் எரிவதும் அதே நிலத்தில்தான். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். வெளியிலும் சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், மேலே நிழல் இருக்க வேண்டும், பக்கத்தில் கிணறோ குழியோ இருக்கக்கூடாது.

மல்லாவியிலிருந்து: சுவாலை மஞ்சளாக எரிகிறது, சட்டியின் அடி கரி பிடிக்கிறது.

காற்றுப் போதவில்லை. பேர்னரைக் கழற்றித் துளைகளை ஊசியால் குத்தித் துப்புரவாக்குங்கள், அடியில் சிலந்தி வலை இருந்தால் எடுங்கள். சுவாலை நீலமாக வரவேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: 2021 கடைசியில் நாடு முழுவதும் அடுப்புகள் வெடித்ததிலிருந்து அம்மா கேஸ் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது தம்பி, அதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். புரொப்பேனின் பங்கு கூடியதைப் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும் என்பது உண்மை. தளர்ந்த வளையமும் பழைய குழாயும் அந்த அழுத்தத்துக்குத் தாங்காமல் போகலாம். நுரை பூசிப் பார்ப்பதை அம்மாவின் கையாலேயே செய்யவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் அவரே பார்க்கட்டும்.

முள்ளியவளையிலிருந்து: காலபோக நெல் மூட்டை வீட்டுக்குள் அடுக்கியிருக்கிறோம். எலித் தொல்லை. குழாய்க்கு ஆபத்து உண்டா?

நிச்சயமாக உண்டு. அறுவடைக்குப் பிறகுதான் கடிபட்ட குழாய்களை நான் அதிகம் மாற்றுகிறேன். குழாயின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், பல் பட்ட இடம் சொரசொரப்பாக இருக்கும். ஒட்டுநாடா சுற்றிச் சமாளிக்க வேண்டாம். அன்றைக்கே புதுக் குழாய் போடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: இரவில் கேஸ் மணத்தால் விழித்தால்?

லைட்டைப் போடாதீர்கள், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறியே போதும். குப்பிவிளக்கைக் கொளுத்தாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கதவுகளைத் திறந்து, கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். கைபேசியை முற்றத்துக்கு வந்தபிறகு எடுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு, 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழையுங்கள். பற்பசை பூச வேண்டாம்.

மாங்குளத்திலிருந்து ஓர் அம்மா: கனடாவில் மகன் வீடு வாங்கியிருக்கிறான். நிலவறையில் கேஸில் ஓடும் சூடாக்கி இருக்கிறதாம். அதுவும் இப்படித்தானா?

இல்லை அம்மா. அங்கே பெரும்பாலும் நிலத்தடிக் குழாயில் வரும் இயற்கை வாயுதான். அது மீத்தேன். காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே ஏறும். சூடாக்கியை மகன் தானாகப் பூட்டக்கூடாது, உரிமம் பெற்றவர்தான் பூட்டி முதல் ஓட்டமும் பார்க்க வேண்டும். குளிர் தொடங்குமுன் வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். வெளியே புகைபோகும் குழாயின் வாயைப் பனி மூடாமலும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு மணமே கிடையாது, நித்திரையில் இருப்பவர் எழும்பமாட்டார். படுக்கையறைக்குப் பக்கத்தில் அதற்குரிய அலாரம் இருக்கிறதா என்று, இன்றிரவு மகன் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.