கணினி கேள்வி பதில்: காசு கட்டும் முன்

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டராக இருக்கிறேன். காப்பிப் பழம் பறிப்பின்போது எடுத்த படங்களும் செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) பக்கங்களின் படங்களும் கேமராவின் மெமரி கார்டில் இருந்தன. பையன் விளையாட்டாக எல்லாவற்றையும் அழித்துவிட்டான். இணையத்தில் கிடைத்த ஒரு மீட்பு மென்பொருள் அத்தனை படத்தையும் சின்னச் சின்னதாகக் காட்டுகிறது. சேமிக்கப் போனால் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். முதலில் கார்டைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். இனி அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அழிக்கும்போது, 'இந்த இடம் காலி' என்ற குறிப்பு மட்டும்தான் கார்டில் விழுகிறது. படம் அங்கேயேதான் கிடக்கும். அதே இடத்தில் புதுப் படம் வந்து உட்கார்ந்தால்தான் பழையது போகும்.

ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள். கிறிஸ்தோஃப் கிரெனியர் என்பவர் எழுதியது. முழுக்க இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்). டெஸ்ட்டிஸ்க் என்ற பெயரில் இறக்கினால் அதோடு சேர்ந்தே வரும். நிறுவவும் வேண்டாம், ஜிப்பைப் பிரித்தால் போதும். உள்ளே 'கியூஃபோட்டோரெக்' என்று இருப்பதை வலது சொடுக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். மேலே டிரைவ்களின் பட்டியல் வரும். 32 ஜிபி கார்டு என்றால் கிட்டத்தட்ட அந்த அளவு காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டதைச் சேமிக்கும் இடம் லேப்டாப்பில் இருக்கட்டும். அதே கார்டில் சேமித்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

படங்கள் பழைய பெயரில் வராது. 'எஃப்' எழுத்தும் நீளமான எண்ணுமாக வரும். 'டி' எழுத்தில் தொடங்குபவை சிறு முன்னோட்டப் படங்கள், அவற்றை ஒதுக்கிவிடலாம். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். 'டேட் டேக்கன்' வரிசையில் அடுக்கினால் எந்த நாள் செக்ரோல் என்பது தெரிந்துவிடும்.

என் சர்வீஸ் கடைக்கு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் போய்விட்டது என்று கண் கலங்கி வருகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் 'இன்னும் பத்து நிமிடம்தான் தள்ளுபடி' என்று திரையில் கடிகாரம் ஓடவிட்டுக் காசு பிடுங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் ஒன்று: இதெல்லாம் மெமரி கார்டு, பென் டிரைவ், பழைய ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குத்தான். புது லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும். அங்கே காசு கட்டினாலும் பெரும்பாலும் மீளாது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதா மாதம் பில்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். அதற்காக மட்டும் ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டி வருகிறேன். இலவசமாக வழி உண்டா?

பதில்: உண்டு. பிடிஎஃப்சாம் பேசிக். சேர்ப்பது, பிரிப்பது, பக்கத்தைத் திருப்புவது எல்லாம் செய்யும். கட்டணப் பதிப்பும் அதே பெயரை ஒட்டியே இருப்பதால், இறக்கும்போது 'பேசிக்' என்ற சொல்லைப் பார்த்து எடுங்கள். பில்லில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் உள்ள டிரா போதும். வரிகள் கொஞ்சம் இடம் மாறும், அதனால் சேமித்ததும் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

இணையத்திலேயே இலவசமாகச் சேர்த்துத் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். உங்கள் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண், வாங்கிய எடை, தொகை எல்லாம் முன்பின் தெரியாதவர் சர்வருக்குப் போய்விடும். வெள்ளி வியாபாரத்தில் இது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, 'இலவசம்' என்பதற்குக் கீழே 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று சில மென்பொருள்களில் எழுதியிருக்கும். உங்களுடையது தொழில். அதைப் படித்துவிட்டு நிறுவுங்கள். மேலே சொன்ன இரண்டுக்கும் அந்தத் தடை இல்லை.

கேள்வி: கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை. லேப்டாப் மெதுவாக ஓடுகிறது. 'ரிஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான பிழைகள்' என்று ஒரு கிளீனர் பயமுறுத்துகிறது. அதற்கு இலவச மாற்று எது?

பதில்: மாற்றே வேண்டாம்மா. ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம். அதைச் சுத்தம் செய்யும் வேலையே தேவையில்லாதது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. நல்ல பெயரெடுத்த சிகிளீனர் என்ற கிளீனரின் ஒரு பதிப்புக்குள் 2017இல் யாரோ தீநிரலை நுழைத்து, அது லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கம் திறந்து, தேவையில்லாமல் தானே கிளம்புகிறவற்றை நிறுத்து. இடம் நிறைந்திருந்தால் வின்டிர்ஸ்டாட் போட்டுப் பார். எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும். வைரஸுக்கு விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் டிஃபெண்டரே போதும். காசு மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓட வைக்க, தோழி பென் டிரைவில் கொடுக்கும் 'கிராக்' மட்டும் வேண்டாம்.

கேள்வி: 'ரார்' என்ற சுருக்கிய கோப்பைத் திறக்கக் காசு கட்ட வேண்டுமா? (சூரமங்கலம் வாசகர்)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11இல் 2023 கடைசியில் வந்த அப்டேட்டிலிருந்து அதுவே திறக்கும். பழைய விண்டோஸ் என்றால் செவன்-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்டது, அலுவலகத்துக்கும் இலவசம். அதே சாயலில் பெயர் வைத்த போலித் தளங்கள் உண்டு, அதனால் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து இறக்குங்கள். ரார் கோப்பைச் செவன்-ஜிப் திறக்கும், உருவாக்காது. பிறருக்கு அனுப்பும்போது 'ஜிப்' ஆகவே சுருக்கி அனுப்புங்கள், அவர்கள் எதையும் நிறுவாமலே திறந்துகொள்வார்கள்.