தொடக்கப் பள்ளியில் மரியாதையும் பெற்றோர் ஈடுபாடும் வளர எங்கிருந்து தொடங்குவது?

"எங்கள் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் மதிப்பதில்லை, பெற்றோர் கூட்டம் வைத்தால் வழக்கமாக வரும் பத்துப் பேர்தான் வருகிறார்கள். இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகள் தொடக்க வகுப்புகளில் பணியாற்றி, அவற்றுள் கடைசி ஏழு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். பள்ளி பெரியவர்களை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தே பிள்ளைகள் மரியாதையைக் கற்றுக்கொள்கிறார்கள். அதையே பார்த்துத்தான் பெற்றோரும் மறுபடி உள்ளே வரலாமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே நன்னடத்தை விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால், பள்ளி வாசலிலிருந்து தொடங்குங்கள்.

இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். தலைமைப் பொறுப்பேற்ற முதலாண்டில், காலை மணி அடித்த பிறகு மகளை அழைத்து வந்த ஒரு தந்தையை, வாசலில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "உங்களுக்கே பொறுப்பு இல்லையென்றால் பிள்ளை எப்படி உருப்படும்?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதே சொற்களை, ஏறக்குறைய என் குரலிலேயே, அந்தச் சிறுமியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டிக்க வாயெடுத்தபோதுதான் அவனுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவர் யார் என்பது எனக்கு உறைத்தது. அந்தத் தந்தை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஆண்டிறுதியில் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "ஈடுபாடு இல்லை" என்று எழுதியவனும் நான்தான்.

மரியாதை என்ற சொல்லுக்கு அதன் வடமொழி மூலத்தில் எல்லை, வரம்பு என்பது பொருள். நம் பள்ளிகள் அச்சொல்லை இன்னும் அந்தப் பொருளில்தான் கையாளுகின்றன என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. யார் எங்கே நிற்க வேண்டும், யார் முன்னிலையில் வாய் திறக்கக் கூடாது என்பதே அங்கு மரியாதை. ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு எழுந்து நிற்கிறது. நமக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆசிரியர் திரும்பியதும் அதே வகுப்பு, திக்கிப் பேசும் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறது என்றால், அங்கே இருந்தது அச்சமே.

சிகாகோ நகரத்தின் தொடக்கப் பள்ளிகளை 1990களில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகிய இருவரும் 2002-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். ஆசிரியர், பெற்றோர், தலைமையாசிரியர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளே வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறும் வாய்ப்பு மிகுதியாகக் கொண்டிருந்தன என்பது அவர்கள் கண்டது. அந்த நம்பிக்கையை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: மரியாதை, கடமைக்கு அப்பாலும் காட்டப்படும் அக்கறை, தொழில்திறன், சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தம். இதில் மரியாதை என்று அவர்கள் குறித்தது, ஒருவர் சொல்வதை மற்றவர் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்பதையும், கருத்து மாறுபடும்போதுகூட அதைப் பொருட்படுத்துவதையும்தான். பணிவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எங்கள் பெற்றோர் கூட்டங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தேன். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் நாங்கள் பேசாமலிருந்தது கடைசிப் பத்து நிமிடம், அதிலும் பாதி, "வேறு யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தது.

முதலில் மொழியைத் திருத்தினோம். நம் மொழியில் "நீ"யும் "நீங்க"ளும், "வா"வும் "வாருங்க"ளும் ஒரு மனிதரின் இடத்தை ஒரே அசையில் நிறுவிவிடுகின்றன. ஆறு வயதுப் பிள்ளை இலக்கணம் படிக்கும் முன்பே இதைப் படித்துவிடுகிறது. துப்புரவுப் பணியாளர் அம்மாவை ஆசிரியர்கள் ஒருமையில் விளித்துக்கொண்டிருந்த வரை, பிள்ளைகள் அவர் கூட்டிய இடத்திலேயே காகிதம் கிழித்துப் போட்டார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லாமல், எந்தப் பணியாளரையும் பன்மையிலேயே விளிப்பது என்று ஆசிரியர்கள் அளவில் மட்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மூத்த ஆசிரியர் ஒருவருக்கு அது செயற்கையாகப் பட்டது; முதல் சில வாரங்கள் அது செயற்கையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த அம்மாவிடம், "நீங்க உட்காருங்க, நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே கிடந்ததைப் பொறுக்கியது. அப்போதும் எல்லாப் பிள்ளைகளும் மாறிவிடவில்லை.

அடுத்தது, வீட்டுக்குச் செல்லும் முதல் செய்தி. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தப்பு பண்ணினான்?" என்பதாகவே இருக்கும். அத்தனை ஆண்டுகளாக நாம் அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறோம். கல்வியாண்டின் முதல் மாதத்துக்குள் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை, குறை சொல்லாமல், பணம் கேட்காமல் தொலைபேசியில் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 34 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளுக்கு இரண்டு வீடுகள் என்றால் 17 வேலை நாள்களில் முடிந்துவிடுகிறது. பிள்ளையிடம் கண்ட ஒரு நல்ல செய்தியைச் சொல்வது, பிறகு "உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது, அவ்வளவுதான். இந்த இரண்டாம் பகுதிதான் கடினமானது. பேசாமல் இருப்பதற்கு ஆசிரியர்களாகிய நமக்குப் பயிற்சியே கிடையாது.

அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 1998-இல் தொடங்கிய வீட்டுச் சந்திப்புத் திட்டம் இதையே இன்னும் ஆழமாகச் செய்தது. அதன் விதிமுறைகளைக் கவனியுங்கள்: சந்திப்பு இரு தரப்புக்கும் விருப்பத்தின் பேரிலானது, ஆசிரியர்கள் பயிற்சி பெற்று இருவராகச் செல்கிறார்கள், அந்த நேரத்துக்கு அவர்களுக்கு ஊதியம் உண்டு, சிக்கலான பிள்ளைகளின் வீடுகளை மட்டும் தேடிச் செல்வதில்லை, பேச்சு, பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கொண்டிருக்கும் கனவிலிருந்து தொடங்குகிறது. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் வீட்டுக்கு வரும் ஆசிரியர் சோதனையிட வந்த அதிகாரியாகத் தெரிவார். வீட்டைக் காட்டத் தயங்கும் குடும்பங்கள் எங்கும் உண்டு. அவர்களை வேறு பொது இடத்தில் சந்திப்பதே முறை.

நான் கடிந்துகொண்ட தந்தையைப் பற்றிய உண்மை எங்களுக்குத் தெரியவந்ததும் அத்தகைய ஒரு தொலைபேசிப் பேச்சில்தான். அவர் இரவுப் பணியாளர். விடியற்காலையில் வீடு திரும்பி, மகளைத் தயார்செய்து அழைத்துவந்துவிட்டுத்தான் உறங்குவார். மாலையில் வேலைக்குக் கிளம்பும் வரை மகள் அவருக்குப் பாடப்புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுவாள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டைன் 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பள்ளி, குடும்பம், சமூகம் ஆகியவற்றின் கூட்டுறவை ஆறு வகையாகப் பிரிக்கிறார்: பிள்ளை வளர்ப்பு, இருவழித் தொடர்பு, பள்ளியில் தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, சுற்றியுள்ள சமூகத்தோடு இணைந்து செயல்படுதல். பெற்றோர் கூட்டத்தின் வருகைப் பதிவோ இவற்றில் ஒன்றிரண்டின் ஓரத்தை மட்டுமே தொடுகிறது. நாள்தோறும் மகள் வாசிப்பதைக் கேட்ட ஒருவரை ஈடுபாடு இல்லாதவர் என்று எழுதிவைத்திருந்தேன். அவரை நேரில் சந்தித்து வருத்தம் தெரிவித்தேன், தலையசைத்துவிட்டுப் போனார். அதன் பின்பும் அவர் கூட்டங்களுக்கு வரவில்லை. பதிவேட்டில் இருந்த குறிப்பை மட்டும் அடித்துவிட்டேன்.

கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரியவர்களைச் சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காரவைத்துவிட்டு ஆசிரியர் உயரமான நாற்காலியில் அமராதீர்கள். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை மற்றப் பெற்றோர் காதில் விழும்படி படிக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு நேரங்களில் கூட்டம் வையுங்கள். இயன்றால், பிள்ளையே தன் நோட்டுகளைப் பெற்றோருக்குக் காட்டி, எது நன்றாக வந்தது, எது இன்னும் பிடிபடவில்லை என்று விளக்கும் பதினைந்து நிமிடச் சந்திப்பாக அதை மாற்றிவிடுங்கள். பிள்ளை அழைத்தால் வரும் பெற்றோர், சுற்றறிக்கை அழைத்தால் வருவதில்லை.

என் அனுபவத்தில் மிகுந்த பலன் தந்தது வேறொன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு, கற்பிக்க அன்றிக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். 1992-இல் அதைப் பற்றி எழுதினார்கள். வேளாண்மை, சுரங்கம், கட்டுமானம், வணிகம், மருத்துவம் என்று அந்த வீடுகளில் குவிந்திருந்த அறிவு, பள்ளி அறியாத ஒன்றாக இருந்தது. அந்த அறிவைக் கொண்டு ஆசிரியர்கள் பாடங்களை அமைத்தார்கள். இதைப் படித்த பின், நான்காம் வகுப்பில் பின்னங்கள் நடத்தும் வாரத்தில் தையல் தொழில் செய்யும் தாய் ஒருவரை அழைத்தோம். அவர் அளவுநாடாவை விரித்து, ஓர் அங்குலத்தின் பாதி, கால், அரைக்கால் எங்கே விழுகின்றன என்று காட்டினார். துணியை நான்காக மடித்து வெட்டினால் கால்வட்டம் எப்படி முழுவட்டமாக விரிகிறது என்று வெட்டியே காட்டினார். கால்பங்கு அரைப்பங்கைவிடச் சிறியது என்பதை நம்ப மறுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் அன்று நம்பினார்கள். முந்தைய நாள் வரை தாயின் தொழிலைக் கேட்டால் தலைகுனியும் அவருடைய மகன், அன்று துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இதைத் "தொழில் அறிமுக நாள்" என்று ஆண்டுக்கொரு விழாவாக்கினால் பயன் போய்விடும். வருகிறவர் பாடத்தின் உள்ளே வர வேண்டும். அவருக்கும் பாடத்துக்கும் உள்ள இணைப்பை ஆசிரியர் முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேசி வைத்திருக்க வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்புவது நன்றியாகலாம், ஈடுபாடு ஆகாது.

பிள்ளைகளுக்கு இடையே நிகழும் அவமதிப்பைப் பொறுத்தவரை, பலர் முன்னிலையில் திருத்தப்படும் பிள்ளை தவறை விட்டுவிட்டு அவமானத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே நான் கண்டது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித கண்ணியத்துக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று 28-ஆம் பிரிவிலேயே கூறுகிறது. நடைமுறையில் நாங்கள் கடைப்பிடித்தது எளியது: தனியே அழைத்துப் பேசுவது, "ஏன் செய்தாய்?" என்பதற்குப் பதிலாக "என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?" என்று கேட்பது. முதல் கேள்விக்குப் பிள்ளைகள் பொய் சொல்வார்கள். மூன்றாவதற்கு, நேரம் கொடுத்தால், வியக்கத்தக்க பதில்கள் வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க அனுப்பியதும் உதவியது. வகுப்பில் அடங்காத சிறுவர்கள் அங்கே பொறுமையாக எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அதிகாரம். ஜேம்ஸ் கோமர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1968-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே குழுவில் அமர்ந்து பள்ளியைத் திட்டமிட்டார்கள். யார்மீது குற்றம் என்று தேடுவதில்லை என்பது அக்குழுக்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெற்றோர் குழு வைத்திருக்கும் பள்ளிகள் பெரும்பாலும் இந்த விதியில்தான் தவறுகின்றன. முதல் கூட்டமே விசாரணை மன்றமாகிவிடுகிறது. உங்கள் குழுவுக்குச் சிறியதாக இருந்தாலும் உண்மையான முடிவொன்றைக் கொடுங்கள்: நூலகத்துக்கு எந்தப் புத்தகங்கள் வாங்குவது, இடைவேளையை எப்படி மாற்றுவது என்பது போல. அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காதபோதும் அதைச் செயல்படுத்துங்கள். குரல் உயர்ந்த நால்வரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நிலை வரும்; எங்களுக்கும் வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் இருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்ததில் அது ஓரளவு குறைந்தது. வாட்ஸ்அப் குழுவை விவாதத்துக்குத் திறந்துவிடாதீர்கள் என்பது நான் பட்டுத் தெளிந்தது.

முதலாண்டில் எங்கள் கூட்ட வருகை பெரிதாக உயரவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் நாற்காலிகள் போதாமல் போயின. இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்ற ஆண்டு உங்கள் பள்ளி வீடுகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளை எல்லாம் ஒரு மேசையில் பரப்பி, கட்டளை இடுபவை எத்தனை, பெற்றோரிடம் ஏதேனும் கேட்பவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். நாங்கள் பிரித்தபோது 41 சுற்றறிக்கைகளில் கேள்வி இருந்தவை இரண்டு. அவற்றில் ஒன்று, கட்டணம் செலுத்திவிட்டீர்களா என்பது.